தீர்ப்பு எதிராக வந்துவிட்டதா? மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு மேன்முறையீடு பற்றி ஒரு வழிகாட்டி

முதலில் கலண்டரை எடுத்து, தீர்ப்புச் சொன்ன திகதியில் ஒரு வட்டம் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நான் மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியிடம் பல வருடம் கிளாக் வேலை பார்த்தவன். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றவர்களைவிட, அந்த வாசலுக்கே போய்ச் சேராமல் நாளைத் தவறவிட்டுத் தோற்றவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். படுவான்கரையில் இருந்து ஒரு அக்கா வந்தார். வயல் வழக்கு. உறுதி, வரைபடம், பழைய பற்றுச்சீட்டு எல்லாம் ஒரு பையில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார், தீர்ப்பிலும் பிழை இருந்தது, எங்கள் சட்டத்தரணியே வாசித்துவிட்டு இது நல்ல கேஸ் என்றார். ஆனால் அவர் வந்தது ஐந்தாவது கிழமை. "வெள்ளாமை வெட்டு முடியட்டும், மறுகா பார்ப்பம் எண்டு இருந்திட்டம் தம்பி" என்றார். அந்த "மறுகா" என்ற ஒரு சொல்தான் அவருடைய வயலைக் கொண்டுபோனது. இதை நான் எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

நான் சட்டத்தரணி இல்லை. இதை வாசித்துவிட்டு நீங்களே மனு எழுதப் போக வேண்டாம். சட்டத்தரணியின் முன்னால் போய் இருக்கும்போது என்ன கேட்க வேண்டும், எதை விட்டுவிடக்கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்ப்போம்

தமிழ்நாட்டு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு வருபவர்கள் "உயர் நீதிமன்றத்துக்குப் போகப் போறம்" என்பார்கள். அங்கே உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்துக்கான நீதிமன்றம். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் ஆக மேலே உள்ள, கொழும்பில் இருக்கிற ஒரே நீதிமன்றம். அதற்கு மேலே வேறொன்றும் இல்லை. நம் ஊரில் கொலை வழக்கு, போதைப்பொருள் வழக்கு நடக்கிற இடம் மேல் நீதிமன்றம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மேன்முறையீட்டு நீதிமன்றம். அதுவும் கொழும்பில், புதுக்கடையில். இந்த மூன்று பெயரையும் குழப்பிக்கொண்டு பதிவகத்தில் போய்க் கேட்டால் சரியான பதில் கிடைக்காது.

சரி, உங்கள் வழக்கு எங்கே போகும்? மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த காணி வழக்கு, கடன் வழக்கு, விவாகரத்து போன்ற குடியியல் வழக்குகளின் மேன்முறையீடு மாகாணத்துக்கான குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகிறது. 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வருவதற்கு முன்பு இவையெல்லாம் கொழும்புக்குத்தான் போயின. வயதானவர்கள் இன்னும் "அப்பீல் எண்டால் கொழும்பு" என்று பயப்படுவது அந்தக் காலத்து ஞாபகத்தில்தான். நீதவான் நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளியாகக் கண்டால் அந்த மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும், மேல் நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்திருந்தால் கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. தொழில் நியாய சபையின் கட்டளை என்றால் மாகாண மேல் நீதிமன்றம், அதுவும் சட்டம் சம்பந்தப்பட்ட கேள்வியில் மட்டும், 30 நாளுக்குள். காதி நீதிமன்றத் தீர்ப்புக்கு வழி வேறு, அது முதலில் காதிகள் சபைக்குப் போகும். காத்தான்குடி, கல்முனைப் பக்கத்தில் இருந்து வருபவர்கள் இதை மாவட்ட நீதிமன்றத்தில் போடலாமா என்று கேட்பார்கள். போட முடியாது.

கவனியுங்கள், மேலே உள்ள நீதிமன்றத்துக்குப் போகும் மேன்முறையீடாக இருந்தாலும் காகிதத்தைக் கொடுப்பது பெரும்பாலும் தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்தின் பதிவகத்தில்தான். மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்க்கிறீர்கள் என்றால் மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றப் பதிவகத்திலேயே கொடுக்க வேண்டும். அவர்கள்தான் வழக்கேட்டைக் கட்டி மேலே அனுப்புவார்கள்.

நாளை எண்ணுவது

இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் குடியியல் வழக்கில் ஒரு கணக்கு, குற்றவியல் வழக்கில் வேறு கணக்கு.

குடியியல் வழக்கில் இரண்டு காகிதம், இரண்டு கெடு. ஒன்று மேன்முறையீட்டு அறிவித்தல், 14 நாளுக்குள். மற்றது மேன்முறையீட்டு மனு, 60 நாளுக்குள். அந்த 14 நாளை எண்ணும்போது தீர்ப்புச் சொன்ன நாளை விட்டுவிடலாம், ஞாயிற்றுக்கிழமைகளையும் போயா உள்ளிட்ட பொது விடுமுறைகளையும் விட்டுவிடலாம், அறிவித்தலைக் கொடுக்கிற நாளையும் சேர்க்கத் தேவையில்லை. சனிக்கிழமையை விட முடியாது. அன்று நீதிமன்றம் பூட்டியிருந்தாலும் அது கணக்கில் வரும். ஆட்கள் பிழை விடுவது இந்தச் சனிக்கிழமையில்தான்.

உதாரணமாக ஒரு மாதத்தின் 3ஆம் திகதி செவ்வாய்க்கிழமை தீர்ப்பு வருகிறது என்று வையுங்கள். 18ஆம் திகதி புதன்கிழமை போயா. 4ஆம் திகதி முதலாம் நாள். 8ஆம், 15ஆம் திகதிகள் ஞாயிறு, அவற்றை விடுகிறோம், போயாவையும் விடுகிறோம். பதினான்காம் நாள் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை. கொடுக்கிற நாளைச் சேர்க்கத் தேவையில்லை என்று சட்டம் சொன்னாலும் அந்த ஒரு நாளை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கு மழை வெள்ளம் வந்து பாதை மூடினால் என்ன செய்வீர்கள்? எங்கள் அலுவலகத்தில் ஏழாம் நாளுக்குள் கொடுத்துவிடுவது வழக்கம்.

60 நாள் வேறு மாதிரி. அதில் ஞாயிறும் போயாவும் பொது விடுமுறையும் எல்லாம் சேரும், நேரான கலண்டர் நாள். அதைவிட முக்கியம், அந்த 60 நாள் தொடங்குவது தீர்ப்புத் திகதியில் இருந்து. அறிவித்தல் கொடுத்த திகதியில் இருந்து எண்ணத் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறிவித்தல் கொடுத்தாயிற்று, பாதி வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டு 65ஆம் நாள் மனுவோடு வருவார்கள். கெடு தாண்டிய மனுவை நீதிமன்றம் ஏற்க மறுக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது.

நீதவான் நீதிமன்றத்துக் குற்றவியல் வழக்கிலும் 14 நாள்தான், ஆனால் அங்கே தீர்ப்புச் சொன்ன நாளும் கணக்கில் சேரும். ஞாயிறும் பொது விடுமுறையும் மட்டும் போகும். மேலே சொன்ன அதே உதாரணத்தில் 3ஆம் திகதியே முதலாம் நாள், கெடு 19ஆம் திகதி வியாழக்கிழமை முடிந்துவிடும். ஒரு நாள்தான் வித்தியாசம், ஆனால் அந்த ஒரு நாளில் ஒருவருடைய சுதந்திரம் தங்கியிருக்கிறது. மேல் நீதிமன்றம் தண்டித்த வழக்கிலும் 14 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.

உங்கள் ஆள் சிறைக்குள் இருந்து, சட்டத்தரணி பிடிக்கப் பணமும் இல்லை, நாளும் ஓடுகிறது என்றால் பயந்துபோய் நிற்காதீர்கள். நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்ய விரும்புகிறேன், காரணம் இது என்று கெடுவுக்குள் சிறை அதிகாரியிடம் அவர் வாயால் சொன்னாலே போதும், மனுவைத் தயாரிப்பது அந்த அதிகாரியின் கடமை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 320ஆம் பிரிவில் இது இருக்கிறது. பார்க்கப் போகும்போது அவரிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்காது.

தீர்ப்பா, கட்டளையா?

இதைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். குடியியல் வழக்கு முழுவதையும் முடித்துவைத்த முடிவு என்றால் நான் மேலே சொன்ன அறிவித்தல், மனு என்ற பாதை. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் வந்த கட்டளை என்றால் பாதையே மாறும். உதாரணத்துக்கு இடைக்காலத் தடை உத்தரவு தர மறுத்தது, ஒரு ஆவணத்தைச் சேர்க்க மறுத்தது. அப்படியானவற்றுக்கு நீங்கள் மேன்முறையீடு செய்வதற்கு முதலில் அனுமதி கேட்க வேண்டும். அந்த அனுமதி விண்ணப்பம் நேரே மேல் உள்ள நீதிமன்றத்திலேயே கொடுக்கப்படுவது, கெடு 14 நாள். அறுபது நாளெல்லாம் இங்கே கிடையாது. எது தீர்ப்பு எது கட்டளை என்பது லேசான கேள்வி இல்லை, உயர் நீதிமன்றத்தில் பல நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து தீர்க்க வேண்டி வந்த கேள்வி. ஆகவே உங்கள் சட்டத்தரணி இதில் கொஞ்சம் யோசித்தால் அவரைக் குறை சொல்லாதீர்கள். யோசிக்காமல் பதில் சொன்னால்தான் கவலைப்பட வேண்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது, நம் மாவட்டங்களில் இதில் விழாதவர் குறைவு. காணிப் பிணக்கில் அடிதடி வரும்போல இருந்தால் பொலிஸார் நீதிமன்றத்தில் ஒரு வழக்கைத் தாக்கல் செய்வார்கள், "அறுபத்தாறு வழக்கு" என்று சனம் சொல்வது. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. யாருடைய காணி என்பதை அங்கே தீர்ப்பதில்லை, அமைதி குலையாமல் இருக்க இப்போதைக்கு யார் இருக்கலாம் என்று மட்டும் பார்ப்பார்கள். அந்தக் கட்டளைக்கு மேன்முறையீடு இல்லை. சட்டமே இல்லை என்று சொல்லிவிட்டது. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனுத்தான் போடலாம். எங்கள் சித்தப்பாவின் வளவு விஷயத்தில் அவருக்கு ஆலோசனை சொன்ன ஒருவர் மேன்முறையீடு என்று தலைப்புப் போட்டுக் கொடுத்துவிட்டார். அது நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வருவதற்குள் மாதக்கணக்கில் போய்விட்டது, அதற்குள் மற்றப் பக்கத்தார் மதிலும் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு மீளாய்வுக்குப் போனபோது ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விதான் முதலில் வந்தது.

மீளாய்வு என்பது மேன்முறையீட்டின் தம்பி இல்லை, வேறு சாதி. நாள் கெடு எழுதப்படவில்லை, ஆனால் தாமதித்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். விசேடமான சூழ்நிலை இருக்கிறது, பார்த்தவுடன் மனச்சாட்சியை உறுத்துகிற பிழை நடந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். மேன்முறையீட்டு நாளைத் தவறவிட்டவர்கள் கடைசியில் மீளாய்வைத்தான் பிடித்துக்கொண்டு வருவார்கள். சிலருக்குக் கிடைக்கவும் செய்யும். ஆனால் அதை நம்பி நாளை விடாதீர்கள். அதே பிரிவு 66 ஆட்களுக்கு இன்னொன்று: உரிமை உங்களுடையது என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் உரிமை வழக்குப் போட எப்போதும் வழி இருக்கிறது, மீளாய்வில் தோற்றாலும் காணி போய்விட்டதாகக் கருத வேண்டாம்.

முதல் கிழமைக்குள் செய்ய வேண்டியவை

தீர்ப்பு வாசித்த அன்றே, முடியாவிட்டால் அடுத்த நாள், தீர்ப்பினதும் சாட்சியப் பதிவுகளினதும் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டுப் பிரேரணை, அதாவது நீதிமன்றத்துக்கான எழுத்துமூல வேண்டுகோள், கொடுக்கச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். பிரதி வரச் சுணங்கும். தட்டச்சுச் செய்ய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், கையொப்பம் வைக்க வேண்டும். அதனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அறிவித்தல் கொடுப்பதற்குப் பிரதி வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. அதில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு இலக்கம், இரு பக்கத்தாரின் பெயரும் விலாசமும், யார் மேன்முறையீட்டாளர், யார் எதிர்மனுதாரர், என்ன நிவாரணம் கேட்கிறீர்கள் என்பதே வேண்டும். "கொப்பி இன்னும் வரல்ல" என்று 14 நாளைப் போக்கியவர்கள் நிறைய. மனு எழுதத்தான் பிரதி வேண்டும், அதற்கு 60 நாள் இருக்கிறது. ஆனால் அனுமதி விண்ணப்பத்துக்கும் மீளாய்வுக்கும் பிரதிகளை இணைக்க வேண்டி வரும், அங்கே முதல் நாளே ஓட வேண்டும். கிடைக்காவிட்டால் கேட்டிருக்கிறோம், வந்ததும் தருகிறோம் என்று மனுவிலேயே எழுதி அனுமதி பெற வேண்டும்.

அறிவித்தலோடு எதிர்மனுதாரரின் செலவுக்கான பிணையும் கட்ட வேண்டும், மற்றப் பக்கத்தாருக்கோ அவர்களுடைய சட்டத்தரணிக்கோ பிரதி அனுப்பியதற்கான சான்றும் வேண்டும். பதிவுத் தபால் பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். முத்திரையும் சரியாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

அப்புறம், கையொப்பம். இது சின்ன விஷயம்போல் தெரியும், பெரிய வழக்குகளைக் கவிழ்த்திருக்கிறது. உங்கள் வழக்கில் நீங்கள் புரொக்சி, அதாவது எனக்காக வழக்கை நடத்துங்கள் என்ற அதிகாரப் பத்திரம், கொடுத்த சட்டத்தரணி ஒருவர் இருந்தால் அறிவித்தலிலும் மனுவிலும் அவர்தான் கையொப்பம் வைக்க வேண்டும். நீங்கள் வைத்தால் செல்லாது, கொழும்பில் இருந்து பிடித்த பெரிய சட்டத்தரணி வைத்தாலும் செல்லாது. தோற்றவுடன் கோபத்தில் பழைய சட்டத்தரணியை விட்டுவிட்டுப் புது ஆளிடம் போவது மனித இயல்பு. போங்கள், பரவாயில்லை. ஆனால் பழைய புரொக்சியை நீதிமன்றத்தின் அனுமதியோடு ரத்துச் செய்து புதியதைப் பதிவில் போட்டுவிட்டுத்தான் புதியவர் கையொப்பம் வைக்கலாம். அதற்கும் அந்த 14 நாளுக்குள் நேரம் வேண்டும். என்னைக் கேட்டால், பழையவர் மேல் எவ்வளவு மனத்தாங்கல் இருந்தாலும் அறிவித்தலை அவரைக் கொண்டே கொடுப்பித்துவிட்டு, அதற்குப் பிறகு ஆள் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

சிறு பிழைகள் வந்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. நடைமுறையில் ஒரு தவறோ குறைபாடோ நேர்ந்து, அதனால் மற்றப் பக்கத்தாருக்குப் பெரிய பாதகம் இல்லை என்றால் மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றம் மன்னித்து நிவாரணம் கொடுக்கலாம் என்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 759ஆம் பிரிவு சொல்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைக்கு வராமல் இருப்பதே நல்லது.

மனுவில் என்ன எழுதுவார்கள்

மேன்முறையீடு இரண்டாவது விசாரணை இல்லை. மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றத்தில் சாட்சிகளைக் கூப்பிட்டுத் திரும்ப விசாரிக்க மாட்டார்கள், உங்களை ஏறி நின்று கதை சொல்லவும் விடமாட்டார்கள். நீதிபதிகள் பார்ப்பது காகிதத்தை. கீழ் நீதிமன்றத்தில் பதியப்பட்ட சாட்சியம், அடையாளமிட்ட ஆவணங்கள், தீர்ப்பு. இவ்வளவுதான். "என்னட்ட இன்னொரு உறுதி இருக்கு, அதை இப்ப காட்டலாமா" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, மிகமிக அரிதாகத்தான் புதுச் சாட்சியம் எடுப்பார்கள். எவ்வளவு முயன்றிருந்தாலும் விசாரணை நேரத்தில் அது கைக்குக் கிடைத்திருக்காது என்று காட்ட வேண்டும். வீட்டுப் பெட்டகத்தில் கிடந்தது என்றால் கிடைக்காது. அதேபோல் விசாரணையின்போது ஆட்சேபிக்காமல் விட்ட ஆவணத்தை மேலே போய் ஆட்சேபிப்பதும், கீழே எழுப்பாத புதுக் கதையை மேலே எழுப்புவதும் பெரும்பாலும் எடுபடாது. வழக்கு இன்னும் முடியாதவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒவ்வொரு தவணையிலும் இதை மனதில் வையுங்கள்.

இனி, காரணங்கள். சனம் எங்களிடம் சொல்லும் காரணம் பெரும்பாலும் "நீதிபதி அவங்கட பக்கம் சாய்ஞ்சிட்டார்." அது வலி, விளங்குகிறது, ஆனால் மேன்முறையீட்டுக் காரணம் ஆகாது. சாட்சியை நேரில் பார்த்தது விசாரணை நீதிபதிதான், யார் உண்மை சொன்னார் என்ற அவருடைய கணிப்பில் மேலே உள்ள நீதிமன்றம் லேசில் கைவைக்காது. எடுபடுகிற காரணம் எப்படி இருக்கும் என்றால், இரண்டாவது சாட்சி குறுக்கு விசாரணையில் கிழக்கு எல்லை வாய்க்கால் என்று ஒத்துக்கொண்டார், அது சாட்சியப் பதிவின் இந்தப் பக்கத்தில் இருக்கிறது, தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, இருந்திருந்தால் எழுவினா 4க்கான விடை மாறியிருக்கும். எழுவினா என்பது வழக்கில் தீர்க்க வேண்டியவை என்று ஆரம்பத்திலேயே பதியும் கேள்விகள். ஒரு குடியியல் தீர்ப்பில் அவற்றுக்கு விடை மட்டும் போதாது, காரணமும் இருக்க வேண்டும் என்று 187ஆம் பிரிவு கேட்கிறது. "ஆம், இல்லை, நிரூபிக்கப்படவில்லை" என்று மட்டும் விடை போட்டுக் காரணம் சொல்லாமல் விட்ட தீர்ப்பு உங்கள் கையில் இருந்தால், அதை உங்கள் சட்டத்தரணி முதல் காரணமாக வைப்பார்.

ஒரு வேலை செய்யுங்கள். தீர்ப்பின் பிரதி வந்ததும் இரண்டு நிறப் பேனாவோடு இருந்து, சாட்சியோடு பொருந்தாத வரிகளுக்கு ஒரு நிறம், உங்களுக்குப் பிடிக்காத வரிகளுக்கு மற்ற நிறம். முதலாவது நிறத்தில் உள்ளவற்றை மட்டும் சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். படுவான்கரையில் ஏழாம் வகுப்போடு நின்ற ஒரு ஐயா இப்படிச் செய்து கொண்டுவந்த குறிப்பில் இருந்துதான் அந்த மனுவின் இரண்டு முக்கியமான காரணங்களை எடுத்தோம். வயலின் எல்லை அவருக்குத் தெரிந்த அளவு எங்களில் யாருக்குத் தெரியும்?

பிழை இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பிழையால் உங்களுடைய முக்கியமான உரிமை பாதிக்கப்படவில்லை, நீதி தவறவில்லை என்றால் தீர்ப்பை மாற்ற முடியாது என்று அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரையே சொல்கிறது. திகதி பிழையாக எழுதப்பட்டிருக்கிறது, பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது என்பவற்றை வைத்துக்கொண்டு வெல்ல முடியாது.

மேன்முறையீடு செய்தால் தீர்ப்பு நின்றுவிடுமா?

தானாக நிற்காது. குடியியல் வழக்கில் மேன்முறையீட்டுக்கான காலம் முடியும்வரை பொதுவாக வென்றவர் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்க முடியாது. அதற்குப் பிறகு கேட்கலாம், மேன்முறையீடு நிலுவையில் இருந்தாலும் கேட்கலாம். அப்போது நீங்கள் முன்னால் வந்து, இப்போதே நிறைவேற்றினால் எனக்குப் பெரிய நட்டம் வரும் என்று காட்டி, பிணையும் கொடுத்து நிறுத்தக் கேட்க வேண்டும். நீதிமன்றத்தில் இருந்து அறிவித்தல் கிடைத்தும் போகாமல் இருந்துவிட்டு, தீர்ப்பை நிறைவேற்ற வரும் நீதிமன்ற உத்தியோகத்தரான பிஸ்கால் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு "அப்பீல் போட்டிருக்கம்தானே" என்று சொல்வதில் பயனில்லை.

பராமரிப்பு வழக்கு இன்னும் கடுமை, கடுமையாக இருப்பதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி பிள்ளைக்கோ மனைவிக்கோ மாதாமாதம் பணம் கொடு என்ற கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு செய்தாலும், மேல் நீதிமன்றம் காரணம் எழுதி நிறுத்தினால் ஒழியப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தாய்மாருக்கு இதைச் சொல்கிறேன்: அவர் மேன்முறையீடு போட்டுவிட்டார், இனிப் பணம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குற்றவியல் வழக்கில் நீதவான் நீதிமன்றத் தண்டனைக்கு எதிராக மேன்முறையீடு கொடுத்தால் அதே நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம். குற்றத்தின் பாரதூரத்தையும் முந்திய குற்றங்களையும் பார்த்து மறுக்கவும் முடியும், இது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தில் வருவது. மேல் நீதிமன்றம் தண்டித்தவருக்குப் பிணை இன்னும் கஷ்டம், விதிவிலக்கான காரணம் கேட்பார்கள்.

குற்றவியல் மேன்முறையீட்டில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. மேல் உள்ள நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கவும் முடியும், கூட்டவும் முடியும். சின்ன அபராதத்தோடு தப்பியவர் அதையும் இல்லாமலாக்கப் போய் மாட்டிக்கொள்ளலாம். குற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்டு வந்த தீர்ப்பு என்றால் மேன்முறையீட்டு வழி மிகவும் ஒடுங்கிவிடும். "கெதியாக முடியட்டும்" என்று ஒப்புக்கொள்ளச் சொல்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். மறுபக்கம், உங்களை அடித்தவரை நீதவான் விடுதலை செய்துவிட்டார் என்றால், சட்டமா அதிபரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அந்த விடுதலைக்கு எதிராக நீங்கள் மேன்முறையீடு செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இது மிகவும் கசப்பான செய்தி, எத்தனையோ பேர் எங்கள் கதிரையில் இருந்து அழுதிருக்கிறார்கள். அந்த நேரத்தில் மீளாய்வு பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

மொழி, காத்திருப்பு, செலவு

எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் வழக்கு தமிழில் நடக்கிறது, பதிவும் தமிழில். கொழும்புக்குப் போகும்போது என்ன ஆகும்? கீழ் நீதிமன்றத்தின் மொழியும் மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றத்தின் மொழியும் வேறாக இருந்தால், பதிவேடு மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றத்தின் மொழியிலும் தயாரிக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. இந்த மொழிபெயர்ப்பில் காலம் போகும். அதைவிட, மொழிபெயர்ப்பில் நம் ஊர்ச் சொற்கள் காணாமல் போகும். முன்மாரிக் காணி, வட்டை, வரம்பு, போடியார் என்று ஒரு சாட்சி சொன்னது வேறு மொழியில் வெறும் வயல், வெறும் நிலச்சொந்தக்காரர் ஆகிவிடும். மொழிபெயர்த்த பிரதி கைக்கு வந்தால், அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு எல்லைகளும் அளவுகளும் திகதிகளும் தமிழ்ப் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிழை கண்டால் சட்டத்தரணியிடம் உடனே சொல்லுங்கள்.

காத்திருப்பு வருடக்கணக்கில் ஆகலாம். அந்தக் காலத்தில் வீடு மாறினால் புது விலாசத்தைச் சட்டத்தரணிக்கும் நீதிமன்றத்துக்கும் கொடுங்கள். வழக்கேட்டுப் பிரதிக்குப் பணம் கட்டச் சொல்லி அறிவித்தல் வரும், அதைக் கட்டாமல் விட்டு நிராகரிக்கப்பட்ட மேன்முறையீடுகள் இருக்கின்றன. மேன்முறையீட்டாளர் நடுவில் இறந்துவிட்டால் வழக்கும் இறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், பிள்ளைகளைப் பதிலீடு செய்து தொடரலாம், ஆனால் யாராவது போய் நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும். இதற்கிடையில் இரு பக்கமும் பேசி ஒரு இணக்கத்துக்கு வந்தால் அதையும் நீதிமன்றத்தில் பதியலாம். அண்ணன் தம்பி காணிப் பிணக்குகளில் இதை நான் எப்போதும் சொல்வேன்.

பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது, மட்டக்களப்பிலும் அதன் நிலையம் இருக்கிறது. வருமானத்தைப் பார்ப்பார்கள், ஆகவே கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வழக்கு எடுக்கத் தகுந்ததா என்றும் பார்ப்பார்கள். அதற்கும் நாள் வேண்டும் என்பதால் பதின்மூன்றாம் நாள் போய் நிற்காதீர்கள்.

முடிவு வந்த பிறகு

மேல் உள்ள நீதிமன்றம் தீர்ப்பை உறுதிப்படுத்தலாம், தள்ளிவிடலாம், ஒரு பகுதியை மாற்றலாம், அல்லது திரும்ப விசாரிக்கச் சொல்லிக் கீழே அனுப்பலாம். கடைசியாகச் சொன்னது வந்தால் வென்றுவிட்டோம் என்று வெடி கொளுத்த வேண்டாம், சாட்சிகளைத் திரும்பத் தேடத் தொடங்குங்கள். எப்படியானாலும் வழக்கேடு பழைய நீதிமன்றத்துக்குத் திரும்பி வரும், அங்கே மறுபடி கூப்பிடுவார்கள். அந்தத் தவணைத் திகதியைப் பதிவகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தோற்றால் அடுத்த படி உயர் நீதிமன்றம். குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்தில் இருந்து அங்கே போக உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், 6 வாரத்துக்குள், அதாவது 42 நாள். அங்கே உங்கள் காணியின் கதையைவிட, அந்த வழக்கில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இல்லை என்று உங்கள் சட்டத்தரணி நேர்மையாகச் சொன்னால் அவருக்கு நன்றி சொல்லுங்கள், கொழும்புக்குப் போய்வரும் இரவு பஸ் காசாவது மிஞ்சும்.

நாளைக் காலையில் சட்டத்தரணியிடம் போகிறீர்கள் என்றால் கையில் இருக்க வேண்டியவை: வழக்கு இலக்கம், தீர்ப்புத் திகதி எழுதிய துண்டு, முன்னைய சட்டத்தரணியின் பெயரும் தொலைபேசி இலக்கமும், எல்லாப் பக்கத்தாரினதும் சரியான விலாசம், இறந்தவர்கள் இருந்தால் மரண அத்தாட்சிப் பத்திரம், அடையாளமிட்ட ஆவணங்களின் பிரதி, அடையாள அட்டை. உள்ளே போய் இருந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "ஐயா, கடைசி நாள் எது?" அவர் சொல்லும் திகதியை அவர் முன்னாலேயே எழுதி வையுங்கள்.